வழிமறித்ததாக என்மீது வந்த மூன்று புகார்கள் குறித்து

மதிப்பிற்குரிய அம்பயரும், என் அக்காவின் கணவருமான அத்தான் அவர்களுக்கு,

தண்ணீர் வாரிய சாப்ட்பால் அணியின் கேட்சர், அதாவது உங்கள் மைத்துனன், பணிவோடு எழுதிக்கொள்வது. வலது முழங்கால் நீங்கலாக நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்தையும், குறிப்பாக உங்கள் கண்களின் நலத்தையும் அறிய ஆவல். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற நீங்கள், ஏழாவது நாள் மைதானத்துக்கு வரும்போது உங்களுடையதை மட்டும் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். உறவு வேறு, விளையாட்டு வேறு என்று நீங்களே சொல்வதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பருவத்தில் மூன்று முறை நீங்கள் இடது கையை நீட்டி, நான் ஓடுபவரை வழிமறித்ததாக அறிவித்து, அச்சக அணிக்கு மூன்று ரன்களைத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இதனால் எங்கள் கேப்டன், மீட்டர் கணக்கெடுக்கிறவர், "அண்ணே, அடுத்த வாரம் அச்சகத்தோட இறுதி ஆட்டத்துல நீங்க வலது மூலையில போய் நின்னுக்கோங்க, கேட்சரா வேற ஆள் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வலது மூலைக்குப் பந்தும் வராது, ஆளும் வராது. ஒரு கம்பத்தை நட்டு அதற்கு எங்கள் அணிச் சட்டையை மாட்டிவிட்டால் போதும். ஆகவே மூன்று புகார்களையும் தாங்கள் ரத்து செய்ய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

எனக்கு விதி தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பந்தை அடித்தவன் பேஸ் என்கிற மூன்று நிறுத்தங்களையும் சுற்றிக்கொண்டு வந்து, ஐந்து மூலை வெள்ளைப் பலகையான ஹோம் பிளேட்டை மிதித்தால் ஒரு ரன். அங்கே நிற்கும் கேட்சர், கையில் பந்து இல்லாதவரை அவன் பாதையில் நிற்கக் கூடாது. பிளேட்டுக்கு முன்னால், மைதானத்தின் உள்பக்கமாக நின்று, கோட்டோரத்தை ஓடிவருகிறவனுக்கு விட்டுவிட வேண்டும். பந்து கையுறைக்குள் வந்த பிறகு திரும்பி அவனைத் தொட்டு அவுட்டாக்கலாம். சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியைக் கேட்சராகவும் ஒரு கரண்டியைக் கோடாகவும் வைத்து இதை என் மனைவிக்கு விளக்கியே இருக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தெரியுதுல்ல, அப்புறம் ஏன் கரண்டி மேலயே போய் நிக்கறீங்க?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

உள்ளபடி நடந்தது இதுதான். முதல் தடவை என் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. குனிந்து கட்டினேன், கட்டிய இடம் கோட்டின் மேலாக அமைந்துவிட்டது. இரண்டாம் தடவை இடது மூலையில் இருந்து வந்த பந்து ஒரு பக்கம் துள்ள, நான் மறுபக்கம் பாய்ந்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது என்பது உங்களுக்கும் தெரியும். மூன்றாம் தடவை, அதாவது நேற்று, முகமூடியின் வார் நழுவிக் கண்ணை மறைக்க, தட்டுத் தடுமாறிப் போய் நின்ற இடம் பாதையாகிவிட்டது. மூன்றுமே இயற்கையின் செயல்.

மூன்று தடவையும் ஓடிவந்தவன் ஒரே ஆள்தான் என்று ஸ்கோர் புத்தகத்தை விரித்து நீங்கள் காட்டினீர்களாம், அக்கா சொன்னாள். மற்றவர்கள் ஓடிவந்தபோதெல்லாம் நான் வழி விட்டு ஒதுங்கி நின்றதாகவும் சொன்னீர்களாம். அது தற்செயல். அந்த அணியில் என் தம்பிதான் வேகமாக ஓடுகிறவன், அதனால் அவனே அடிக்கடி வருகிறான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சின்னவன் என்னோடு பேசி நான்கு வருஷம் ஆகிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் புகார்களை விசாரிக்கிற போட்டிக் குழுவில் மற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் வெளியூரில் அச்சு இயந்திரப் பயிற்சியில் இருந்தான். கடைசிப் பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் போன் செய்வான். "அம்மா எப்படி இருக்காங்க?" "நல்லா இருக்காங்க, நீ படி." "கிளம்பி வரட்டுமா?" "வந்து என்ன பண்ணப் போற? முடிச்சிட்டு வா." எட்டு நாளும் இதே பேச்சு. பரீட்சை முடிந்த அன்றைக்கு வரச் சொன்னேன். வந்தான். அம்மா இல்லை. அன்றைக்கே சொன்ன முடிவில் பயிற்சியில் அவன்தான் முதலாவதாக வந்திருந்தான். சான்றிதழை என் வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனவன், அதைக் கேட்டுக்கூட வரவில்லை. அவன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தெருவில் என்னைக் கண்டால் அவன் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். நான் ஏறிய பஸ்ஸில் இருந்து இறங்கிவிடுகிறான். மைதானத்தில் மட்டும்தான், அத்தான், அவன் என்னைப் பார்த்து ஓடிவருகிறான். மூன்றாவது பேஸில் இருந்து அறுபது அடி. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட முடியாதே. அப்பாவைப் போலவே வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு வருவான். காதோரம் நரைத்துவிட்டது அவனுக்கு, முகமூடிக் கம்பி வழியாகப் பார்த்தேன். அந்த மூன்று நான்கு நொடிக்காக வாரம் பூராவும் பம்பு அறையில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் தம்பி வேண்டும். வலது மூலையில் நின்றால் தூரத்தில் ஒரு சட்டை ஓடுவதுதான் தெரியும்.

இது கேட்சர் எங்கே நிற்பது என்ற தொழில்நுட்பப் பிரச்சினை மட்டுமே, இதில் உணர்ச்சிவசப்பட எதுவும் இல்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். ஆகவே புகார்களை ரத்து செய்து, கேப்டனுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

அக்காவுக்கு என் அன்பு, முதுகுவலியோடு துணிமூட்டையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். உங்கள் கடையும் பார்வையும் நாளுக்கு நாள் தெளிவடைய வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மைத்துனன்,
கேட்சர் (இப்போதைக்கு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. லேஸ் அவிழவில்லை அத்தான். என் ஷூவுக்கு லேஸே கிடையாது, ஒட்டுகிற பட்டைதான். மூன்று தடவையும் வேண்டுமென்றேதான் போய் நின்றேன். மோதினாலாவது நிற்பானே என்று. நேற்று இருவரும் விழுந்தோமே, அப்போது அவன் பிளேட்டை மிதிக்கவில்லை. மண்டியிட்டபடி என் முகமூடியைத் தூக்கிப் பார்த்து, "அடிபட்டுடுச்சாண்ணா?" என்றான். பந்து அதற்குள் என் கையுறைக்கு வந்துவிட்டது. தொட்டு அவுட் கேட்டிருக்கலாம், நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம். "இல்லடா" என்றேன். அடுத்து ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் ரன், ரன் என்று கத்திக்கொண்டு வந்துவிட்டீர்கள், அவனும் எழுந்து போய்விட்டான்.

கையில் ஒன்றும் இல்லாமல் அவன் பாதையில் நான் நின்றது இந்த மூன்று தடவை மட்டும் இல்லை. அம்மாவிடம் ஓடிவர இருந்தவனை எட்டு நாள் மறித்து நின்றேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள், புகார்கள் அப்படியே இருக்கட்டும், நான் வலது மூலைக்கே போகிறேன். இதை உங்கள் கடையில் கொடுத்துவிட்டு, அச்சகம் விடுகிற நேரத்துக்கு அவன் வீட்டுக்குப் போகப் போகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியே நிற்பேன். வாசலுக்கு நேராக நிற்க மாட்டேன், அவன் போக வர வழி விட்டு, ஓரமாக.