யார் வீட்டு மரம்?

மரம் இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தது.

"ஏங்க, நேத்து ரோட்டுப் பக்கம் நின்ன உச்சி, இன்னைக்கி நம்ம தகரக் கூரைக்கு நேரா நிக்குது," என்றாள் கலாராணி.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், மேட்டில் நின்ற கருப்பந்தைல மரம் அது. விழுந்தால் கடைசி வீடான அவர்கள் காம்பராவின் மேல்தான். கிருஷ்ணராஜ் பிறந்தது அந்தக் காம்பராவில். அவன் அப்பா பிறந்ததும் அதில்தான்.

"பத்துப் பேரு சேந்து கயிறு கட்டி வெட்டுனா ஒரு மணி நேர வேலைங்க."

"எதுக்கும் ஒரு முறை இருக்கு, கலா. யாரு பொறுப்புன்னு கேக்காமக் கை வைக்கக் கூடாது."

பெரகல டவுனில் அஸீஸ் நானாவின் இரும்புச் சாமான் கடையில் அவனுக்கு வேலை. கடைக்கு வரும் பேப்பரை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர்வரை படிப்பவன். எந்த வேலை யாருடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

முதலில் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினான். மரத்துக்கு இரண்டடி முன்னாலேயே தங்கள் எல்லை முடிந்துவிடுகிறது என்றார் தோட்டத்துத் தொரை. சொன்னதோடு நிற்காமல், எல்லையைக் காட்ட வாய்க்கால்போல ஒரு கானும் வெட்டிவிட்டார். மலைத் தண்ணீர் முழுக்க அந்தக் கான் வழியாக வந்து மரத்தின் வேரில் இறங்கியது.

அடுத்து பதுளைக்குப் போய், மாகாணத்தின் ரோட்டு இலாகாக் கந்தோரில் மனுக் கொடுத்தான். ஆட்கள் வந்தார்கள். ரோட்டுப் பக்கக் கிளைகள் மட்டும்தான் தங்கள் பொறுப்பு என்று அவற்றை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். பாரமெல்லாம் லயத்துப் பக்கமே நின்றது. மரம் ஒரு முழம் இறங்கியது.

"ஜனாதிபதிக்கே எழுதுங்க தம்பி," என்றார் அஸீஸ் நானா.

"என்ன நானா பேசுறீங்க? நாட்டுக் கடனப் பாக்குற மனுசனுக்கு மரத்தப் பாக்குறதா வேலை? எல்லாத்துலயும் கொழும்பு கைய வச்சா, மாகாண சபை எதுக்கு?"

"அந்தச் சபைக்கு எலக்ஷன் வச்சு எத்தன வருசம்? மனுசன் உசிரக் காப்பாத்துறது கொழும்புக்கு வேலை இல்லண்டா, வேற என்ன வேலைதான் அதுக்கு?"

"அப்ப அதிகாரப் பகிர்வே வேணாங்கிறீங்களா?"

"மரம் விழுந்த பொறகு எதப் பகிர்வீங்க?"

ஆணி வாங்க வந்தவர் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

அன்று சாயங்காலம், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவிலிருந்து மகள் அகீலாவைத் தூக்கி வரும்போது, மரம் முனகுவது அவன் காதில் விழுந்தது. கொள்கையை மடித்துக் கவரில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினான்.

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி மரத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்.

"அறிக்கை வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தொட்டா கேஸ்."

கயிறும் கோடரியுமாகத் தயாராக நின்ற லயத்து ஆட்கள் பத்துப் பேரும் அதோடு விலகிக்கொண்டார்கள். கலாராணி மகளின் பாயை மட்டும் முன்வாசலுக்கு நகர்த்திப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை, மழையில், பட்டப்பகலில் மரம் விழுந்தது. கலாராணி மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அகீலா புள்ளக்காம்பராவில் இருந்தாள். கிருஷ்ணராஜ் ஓடி வந்து பார்த்தபோது காம்பரா இருந்த இடத்தில் ஈரத் தழைதான் கிடந்தது. மலையிலிருந்து முன்பே ஓடி வந்துவிட்ட கலாராணி, தட்டையாக நசுங்கிய சோத்துப் பானையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மூன்று இடத்து ஆட்களும் முதல்முறையாக ஒரே நேரத்தில் வந்தார்கள்.

"மரம் எங்க எல்லையில இல்ல."

"கிளைதான் எங்களுக்கு. அடிமரம் இல்ல."

"அறிக்கை இன்னும் டைப்பாகல."

கிருஷ்ணராஜுக்கு வாழ்நாளில் முதல்முறையாக, யாருடைய பொறுப்பு என்பது வேண்டாததாகிவிட்டது.

"மரம் யாருதா வேணா இருக்கட்டும் சார். என் வீட்ட யாரு கட்டித் தருவீங்க? அதச் சொல்லுங்க!"

அவர்களோடு காணிப் படத்தைக் கொண்டு வந்திருந்த கிளார்க் பெண் சுதர்ஷினி, குடைக்குள் அதை விரித்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணே, படத்துல மரம் இருக்கு. ஆனா அந்த எடத்துல வீடுன்னு ஒண்ணுமே இல்லையே. பதிவுப்படி மரம் வெறுந்தரையிலதாண்ணே விழுந்திருக்கு."