செக்போஸ்ட் அம்மாவும் போலந்து விருந்தாளியும்

உலகின் எந்த மூலையில் எந்தக் குற்றம் நடந்தாலும் அதற்கான திட்டம் கடத்தூரை அடுத்த எங்கள் கல்லூரி விடுதியின் மாடியறையில்தான் தீட்டப்படுகிறது என்று மனமார நம்பிய ஒரே மனிதர் செக்போஸ்ட் அம்மா. அவர் எங்கள் விடுதியின் வார்டன். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதைக் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அம்மா’, முதுகுக்குப் பின்னே ‘செக்போஸ்ட்’. பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. அங்கே வண்டியை மட்டும் பார்ப்பார்கள். எங்கள் அம்மாவோ, வண்டியில் வந்தவர் மனத்தில் ஏற்றி வந்திருப்பதையும் இறக்கிப் பார்த்த பிறகே குறுக்குக் கட்டையைத் தூக்குவார்.

மாடியறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் வந்து ஒருமுறை கதவைத் தட்டுவார். சத்தமே கேட்காவிட்டால் இருமுறை தட்டுவார். வீட்டிலிருந்து வரும் ஊறுகாய் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஆராய்வார். முறுக்கு டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்குவார். என் அறைத்தோழி கவிதாவின் அப்பா ஒருமுறை கம்பைநல்லூரிலிருந்து ஒரு கோணிப்பை மாம்பழத்தோடு மகளைப் பார்க்க வந்தார். மகளின் பிறந்த நாள் என்றைக்கு என்று அம்மா கேட்டார். தந்தையர் பலரையும் போல அவரும் வானத்தைப் பார்த்தார். மாம்பழம் உள்ளே அனுமதிக்கப்பட்டது. அப்பா வாசலிலேயே நிறுத்தப்பட்டார். “பழத்து மேல சந்தேகமில்லீங்க” என்று அவரிடம் மரியாதையாகவே சொன்னாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் நாங்கள் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

காரணம் ஸ்டெல்லா. எங்கள் அறையின் ஆறு பேரில் அவள் ஒருத்திதான் கிறிஸ்தவப் பெண். பென்னாகரத்துக்காரி. அவளுடைய அம்மா பெங்களூரில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். அந்த வீட்டுக்குப் பண்டிகைக்கு விருந்தினர் வருவதால் அவருக்கு விடுமுறை இல்லை; பென்னாகரத்து வீடு பூட்டிக் கிடந்தது. பண்டிகைக்கு மறுநாள் எங்களுக்குத் தேர்வு வேறு. அம்மா இல்லாத கிறிஸ்துமஸை அவள் அதுவரை அறிந்ததில்லை. அழவில்லை. ஆனால் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்; வாய்க்குப் போகாது. டிசம்பர் பிறந்ததிலிருந்து இப்படித்தான். பண்டிகையன்றாவது அவளை ஒரு வேளை முழுதாகச் சாப்பிட வைப்பது என்று நாங்கள் ஐவரும் முடிவு செய்தோம்.

எங்களுக்கோ கிறிஸ்துமஸ் பற்றி கேக்கைத் தாண்டி எதுவும் தெரியாது. ஸ்டெல்லாவைக் கேட்டால் கண் கலங்கிவிடுவாள். எனவே தேர்வை முன்னிட்டு அம்மா எங்கள் கைப்பேசிகளை வாங்கிப் பூட்டுவதற்கு முன்பே, மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்து, ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டோம். ஒருத்திக்கு ஜெர்மனி, ஒருத்திக்கு ஸ்வீடன், கவிதாவுக்கு நார்வே. ஜப்பானில் கிறிஸ்துமஸ் என்றால் பொரித்த கோழிதான் என்று அறிந்த மற்றொருத்தி, கடத்தூர் பேருந்து நிலையத்துச் சில்லி சிக்கன் கடையை நினைத்து உடனே ஜப்பானைக் கைப்பற்றினாள். எனக்கு எஞ்சியது போலந்து.

முதல் விபத்து ஜெர்மனியால் நேர்ந்தது. அந்நாட்டுப் பிள்ளைகள் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை காலணிகளை வாசலில் வைப்பார்களாம். காலையில் அவற்றுக்குள் மிட்டாய் இருக்குமாம். ஸ்டெல்லாவை மகிழ்விப்பதற்காக எல்லாருடைய செருப்பையும் அறை வாசலில் வரிசையாக வைத்து, பட்டையில் சிக்குமளவுக்குக் கடலை மிட்டாயைச் செருகினோம். ஸ்டெல்லாவுக்கு முன் அம்மா எழுந்துவிட்டார். நாங்கள் கதவைத் திறந்தபோது, இடுக்கியால் ஒரு மிட்டாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏன் பாப்பா, செருப்புல முட்டாய வெச்சா அத எவன் வந்து எடுப்பான்?”

“எடுக்க மாட்டாருங்கமா, வெப்பாரு. நிக்கோலஸ் தாத்தா” என்றாள் ஜெர்மனி.

“தாத்தாவுக்கு லேடீஸ் ஹாஸ்டல்ல என்னா வேல?”

அன்று முதல் நிக்கோலஸ் என்ற பெயரில் முதியவர் எவர் வந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவாயிற்று. வாட்ச்மேனும் தாத்தாதான். பாவம், சில நாள்கள் அவர் வாயிலுக்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்று குழம்பிப் போனார்.

இந்தச் சூழ்நிலையில்தான் விருந்துக்கு அனுமதி கேட்டுப் போனோம். ஒவ்வொரு பண்டத்தையும் அம்மா தனித்தனியாக விசாரித்தார். கேக் எந்தக் கடை, கோழி எந்த எண்ணெய், பாயசம் எதற்கு ஸ்வீடன் பெயரில் வருகிறது. இங்கிலாந்தில் பண்டிகைப் பலகாரத்தின் மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவது உண்டு என்ற தகவலை, முழுமை கருதி, நான் சொல்லிவைத்தேன். கேட்ட கேள்விக்கு மேல் பதில் சொல்வது விசாரணையில் ஆபத்தானது என்பதை இலக்கியப் படிப்பு எனக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை.

என்னை வெகுநேரம் பார்த்தவர், பின்னால் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கறிக்குழம்பும் அதிரசமும் செய்வோம், அம்மா முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்புவார், பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம் என்று சொல்ல வந்த ஸ்டெல்லா, தட்டு என்ற சொல்லோடு நின்றுவிட்டாள்.

“பாக்கலாம்” என்றார் அம்மா. அவருடைய அகராதியில் அதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்று பொருள்.

அந்தப் பாதி நம்பிக்கையையும் பண்டிகைக்கு முதல் நாள் நார்வே கெடுத்தது. அந்நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு சூனியக்காரிகள் துடைப்பத்தில் ஏறிப் பறந்துவிடுவார்கள் என்பதால், வீட்டிலுள்ள துடைப்பங்களை ஒளித்து வைப்பது வழக்கமாம். கவிதா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்லள். விடுதியின் துடைப்பம் அனைத்தையும் எங்கள் கட்டிலுக்கடியில் சேர்த்துவிட்டாள். கூட்ட வந்த அக்கா வெறுங்கையோடு திரும்பிப் போய் முறையிட, அம்மா நேரே எங்கள் அறைக்கு வந்தார், வேறெங்கும் தேடவில்லை.

“பேய் ஏறிப் போயிடுங்கமா, அதான் ஒளிச்சு வெச்சன்” என்றாள் கவிதா.

“எந்தூருப் பேயி?”

“நார்வேங்கமா.”

“நார்வே பேய்க்குக் கடத்தூர்ல என்னா வேல?” என்றவர், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு நிமிர்ந்தார். “நம்மூர்ல பேய வெரட்டறதே வெளக்கமாத்தாலதான். இருந்த எல்லாத்தயும் ஒளிச்சு வெச்சிட்டியே, இப்ப ஒண்ணு வந்து நின்னா நா என்னாத்த எடுக்கறது?”

இரண்டு கண்டங்களின் பேயியல் எங்கள் கட்டிலுக்கடியில் மோதிக்கொண்டதை அப்போதுதான் உணர்ந்தோம்.

ஆயினும் பண்டிகை நாளன்று அவர் தடுக்கவில்லை. அனுமதித்தார் என்றும் சொல்ல முடியாது. சாயங்காலம் உணவுக்கூடத்தின் மூலையில் நாங்கள் ஒரு மேசையை இழுத்துப் போட்டபோது, தூணருகே நின்று கவனித்துக்கொண்டிருந்தார். கேக், கோழி, பாயசம் எல்லாம் வந்தன. ஸ்வீடன் முறைப்படி பாயசத்துக்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போட்டிருந்தோம். தட்டுகளை நான் வைத்தேன். அப்போதுதான் தூணிலிருந்து குரல் வந்தது.

“ஆறு பேருக்கு எதுக்கு ஏழு தட்டு?”

போலந்தில் பண்டிகை மேசையில் ஓர் இடம் கூடுதலாக விடுவார்கள். அழைக்காமல் வரும் யாரேனும் ஒருவருக்காக. நான் படித்த வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் பழைய பொருள். புதிதாய் வருபவரே விருந்து. இதையெல்லாம் விளக்கியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை முழுமை கருதிப் பட்டிருந்தேன். ஆகவே சுருக்கமாக, “சொல்லாம வர்றவங்களுக்குங்கமா” என்றேன்.

எங்கள் பக்கத்தில் மரியாதைக்கும் ‘ங்க’, பன்மைக்கும் ‘ங்க’. நான் மரியாதையாகச் சொன்னதை அவர் கூட்டமாகக் கேட்டார்.

“வர்றவங்களா? எத்தன பேரு?”

“ஒருத்தருதாங்கமா.”

“ஒருத்தரா, ஒருத்தனா?”

“யாருன்னு தெரியாதுங்கமா.”

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகத் துல்லியமான பதில் அது; மிக மோசமானதும் அதுதான்.

வாயில் கதவு பூட்டப்பட்டது. வாட்ச்மேன் தாத்தா விசிலை வாயில் வைத்தபடி நிறுத்தப்பட்டார். அம்மா தம் அறைக்குப் போய் டார்ச் லைட்டை எடுத்து வந்தார். வாசலைப் பார்த்தபடி இருந்தது ஏழாவது நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்தார்.

“வரட்டும். அவன் எடத்துலயே நா ஒக்காந்துக்கறன். யாருன்னு தெரியற வரைக்கும் ஒருத்தியும் கை வெக்கக் கூடாது.”

வைக்கவில்லை. கோழி ஆறியது. ஸ்டெல்லா தன் வெறுந்தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் திட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்த ஐந்து நாடுகளும் சேர்ந்து அவளை ஒரு வாய் சாப்பிட வைக்க முடியவில்லை.

திடீரென்று அவள் எழுந்தாள். பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அம்மாவின் எதிரே இருந்த ஏழாவது தட்டில் வைத்தாள்.

“எங்கூட்ல வந்தவங்களுக்குத்தாங்கமா மொதல்ல போடுவாங்க. நீங்க சாப்பிடுங்க.”

விடுதியில் அம்மா பந்தியில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, அறைக்கு எடுத்துச் சென்று தனியாகச் சாப்பிடுவார். கிண்ணத்தைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு ஒரு கரண்டி வாயில் வைத்தார். கடக்கென்று ஒரு சத்தம்.

“கல்லு” என்றார், வெற்றிப் புன்னகையோடு. இத்தனை ஆண்டுச் சந்தேகத்தில் முதல்முறையாகக் கையும் களவுமாக ஒன்று சிக்கியிருந்தது. ஆனால் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தபோது அது பாதாம்.

அதை யார் கடிக்கிறார்களோ அவர்களுக்கு ஓர் ஆண்டுக்குள் திருமணம் என்பது ஸ்வீடன் நம்பிக்கை என்று, மிகத் தயங்கி, ஸ்வீடன்காரி தெரிவித்தாள். அம்மா வாசலில் விசிலோடு நின்ற வாட்ச்மேனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“மாப்பிள்ளயயும் நீங்களே பாத்து வெச்சிட்டீங்களா?”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஸ்டெல்லாவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வாட்ச்மேன் தாத்தா பதறிப்போய் விசிலை ஊதினார்.

சிரிப்பு அடங்கியதும் அம்மாவுக்குப் புதிய சந்தேகம் பிறந்தது. ஸ்டெல்லாவின் அம்மா பெங்களூரில்தான் இருக்கிறார் என்பதற்கு என்ன சாட்சி? வரப்போகிற ஆள் அவராகவே இருந்தால்? பூட்டி வைத்த கைப்பேசிகளில் ஸ்டெல்லாவுடையதைத் தாமே எடுத்து வந்து நீட்டினார்.

“வீடியோ போடு. நா பாக்கணும்.”

திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. நெற்றி வியர்த்த ஒரு பெண்ணும் தெரிந்தார். ஸ்டெல்லா வாயைத் திறக்கும் முன்பே விசாரணை தொடங்கிவிட்டது. பின்னால் கன்னடத்தில் கூப்பிடுவது யார், இது உங்கள் பெண்தானா, இவள் பிறந்த நாள் என்றைக்கு. அந்த அம்மா வானத்தைப் பார்க்கவில்லை, கேட்டவுடன் சொன்னார். செக்போஸ்ட் அம்மா முதல்முறையாக ஒருவரைச் சோதனையில் தேர்ச்சி பெற வைத்தார்.

“சரிங்க. உங்க பொண்ணுக்குச் சோறு போட்டிருக்கு. சாப்புடறாளான்னு நீங்களே பாத்துக்குங்க. நாள பின்ன எம்மேல பழி வரக்கூடாது.”

கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, ஸ்டெல்லாவின் தட்டுக்கு நேரே நிறுத்தினார். அந்த அம்மா அடுப்பைக் கவனித்தபடியே அவ்வப்போது திரும்பி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஸ்டெல்லா இரண்டாம் முறை கோழி கேட்டாள். செக்போஸ்ட் அம்மா வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், தம் கேக்கையும் எங்களுள் ஒருத்தியின் கேக்கையும் சாப்பிட்டு முடித்தார்.

விருந்தாளி வரவில்லை. “பாத்தீங்களா, நா ஒக்காந்திருந்ததால பயந்துகிட்டு வரல” என்றார், கை கழுவிக்கொண்டே.

மறு ஆண்டு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கூடுதல் தட்டை அவரே கொண்டு வந்து வைத்து, டார்ச் லைட்டோடு உட்கார்ந்துகொண்டார். நான் இப்போது சேலத்தில் முதுகலை படிக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த நாற்காலியில் காவல் தொடர்கிறது என்றும், அந்த ஆள் இன்னும் பிடிபடவில்லை என்றும் விடுதியில் இருக்கும் தங்கைகள் சொல்கிறார்கள்.

அந்த விருந்தாளி முதல் ஆண்டே வந்து, பாதாம் கடித்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார் என்பதை நாங்கள் ஆறு பேரும் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.