மூன்று மல்லிகையும் நான் செய்த வேர் ஆராய்ச்சியும்

தெரியாததைத் தெரியும் என்று சொல்லப் பெரிய துணிச்சல் வேண்டாம். தலைக்குமேல் கூரை இல்லாதிருந்தால் போதும்.

குண்டு விழும் என்று யுத்தத்தில் ஓடிய பட்டணம் மொத்தமும் திரும்பி வந்துவிட்ட சமயம். அறை தேடி மயிலாப்பூரில் நான் ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் சாந்தோம் பக்கம் ஒரு வீட்டு மாடியறை காலி. வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம், ஓய்வுபெற்ற வாத்தியார். "என்ன உத்தியோகம்?" என்றார். விதைக்கடையில் பொட்டலங்களின் மேல் பெயர் எழுதுகிற உத்தியோகம். வாய் தானாகவே, "செடி நோய் ஆராய்ச்சி" என்றது. (பாழும் வாய்.)

அவர் முகம் மலர்ந்தது. மதிலோரம் மூன்று மல்லிகைகள், இலை மஞ்சளித்து, தலை தொங்கி நின்றன. மாதா கோயிலில் மே மாத வணக்கத்தின் கடைசி நாள் சார்த்தும் பூ அந்த வீட்டு மல்லிகைதான். வாத்தியாருக்குக் கலியாணமான வருஷத்திலிருந்து வழக்கம்.

"மே முடியறதுக்குள்ள பூத்தா அறை உனக்கு. இல்லேன்னா என் மச்சானுக்கு. அவன் காத்துக்கிட்டு இருக்கான். மே முடியற வரைக்கும் மாடியில இருந்துக்க."

மறுநாளே ஒரு வேரைத் தோண்டினேன். பழுப்பாக, கஞ்சியில் ஊறிய நூல்போலிருந்தது. தொட்டதும் தோல் கழன்று விரலோடு வந்தது. முகர்ந்தேன். 'பூமியின் துக்கமெல்லாம் இந்த இருட்டு வாசனையில்' என்று நோட்டில் எழுதிவிட்டு, வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். நூலகத்தில் தலையணை அளவுப் புத்தகம் ஒன்றில் நோயின் பெயர் கிடைத்தது: வேரழுகல். மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும். (காரணம் அடுத்த பக்கத்தில் இருந்ததாம். நான் திருப்பவில்லை.) தினமும் சாயங்காலம் செடிக்கு ஒரு வாளி நீலத் தண்ணீர் ஊற்றினேன். வேறு யாரும் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது என்று கட்டளையும் போட்டேன்.

பத்தே நாளில், அதே வாளியில் நனைந்த வாத்தியாரின் வேட்டிகள் நீலம் பாரித்தன, வெள்ளைக்கோழி நீலக்கோழி ஆயிற்று. மல்லிகை மட்டும் இன்னும் தொங்கியது. மச்சான் வந்து, கட்டில் நுழையுமா என்று அறைக் கதவை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை. நோயைக் கையும் களவுமாகப் பிடிக்க ஜன்னலோரம் மறைந்து உட்கார்ந்தேன். நோய் விடியற்காலையில் கெட்டிலோடு வந்தது: வாத்தியார். இருபுறமும் பார்த்துவிட்டு ஊற்றினார். பூசை முடிந்து வந்ததும் அவர் மனைவி ரோசம்மா, முந்தானைக்குள் அரிசி களைந்த தண்ணீரோடு. மத்தியானம் பாத்திரம் தேய்க்கும் முனியம்மா, ஒரு குடத்தோடு. செடி வாடினால் தாகம் என்று அர்த்தம்; பாவம் பார்த்து ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். நான்காவது ஆள் மாலையில் வாளியோடு வருவான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

கீழே இறங்கிப் போய், மூவரையும் கூப்பிட்டுக் கண்டதைச் சொன்னேன்.

"நான் ஒரு கெட்டில்தான்யா," என்றார் வாத்தியார்.

"ஊத்தமாட்டேன்னு ஜெபமாலையைத் தொட்டுச் சொன்னீங்களே," என்றார் ரோசம்மா.

"நீ முந்தானைக்குள்ள வெச்சிருந்தது என்ன, தீர்த்தமா?"

"இன்னா நைனா," என்றாள் முனியம்மா, "நாலு பேரு மாத்தி மாத்தி ஊத்திக்கினு இருந்தா மீனுக்கே மூச்சு முட்டிப் பூடும். செடி இன்னா பண்ணும்?"

பேச்சோடு பேச்சாக விதைப் பொட்டல உண்மையையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்யா," என்றார் வாத்தியார். "வேரை மோந்துட்டு வாந்தி எடுக்கிற ஆராய்ச்சிக்காரனை யாரு பார்த்திருக்கா? செடி பூக்கட்டும், பேசிக்கலாம்."

மண்ணைக் கிளறி, வடிய வழி வெட்டி, நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு செடிகள் போய்விட்டன. மூன்றாவது, மே கடைசி நாளன்று, பதினேழு பூ. ஒரு முழம்கூடத் தேறாது. என் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தேன். வாத்தியார் பூவை ஒரு சாஸரில் ஏந்திக்கொண்டு படியடியில் நின்றார்.

"பூத்தா அறைன்னுதானே சொன்னேன். எத்தனைன்னு சொல்லலையே."

அப்போது விட்ட மூச்சு இன்னும் என் நெஞ்சில் குளிர்கிறது. அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன், கலியாணம்கூட அங்கிருந்தபோதுதான்.

போன மாதம் மகனுக்குக் காய்ச்சல். கஷாயத் தம்ளரோடு போன என்னை மனைவி வழிமறித்தாள். "அவன் காலையிலேருந்து மூணு பேர்கிட்ட குடிச்சாச்சு. நாலாவது ஆளே, போய் உட்காருங்க."

வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.