நிக்காது மாமா பறந்த தூரம்

உலகத்தில் தப்பே செய்யாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் சிதம்பரத்தில் பைக் பட்டறை வைத்திருக்கிறார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் சீட்டில் ஒரு தட்டுத் தட்டி, "இனிமே நிக்காது" என்பார். அதனால் ஊருக்கே அவர் நிக்காது மாமா. அவர் பூட்டிய வண்டி வழியில் நின்றால் குற்றம் ரோட்டின் மீது, பெட்ரோல் பங்க் மீது, அல்லது ஓட்டியவரின் ஜாதகத்தின் மீது. பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் ஒருமுறை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"என்னா மாமா, நிக்காதுன்னீங்க?"

"வண்டி நிக்கல பாய். நீங்க நிறுத்திட்டீங்க."

வண்டியை நிறுத்தியதும் டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடியாக வேண்டும். இது அவர் சட்டம். மூடாதவர்களுக்கு அன்று பட்டறையில் வேலை நடக்காது. சுவரில் சாமி படத்துக்கும் மேலே சிவப்புப் பெயிண்டில் 'நிறுத்தினால் மூடு' என்று எழுதியிருந்தது. பட்டறை மாடியில் வாடகைக்கு இருந்து மெக்கானிக்கல் படித்த நான் முதல் மாதத்திலேயே திருந்திவிட்டேன். யாருடைய வண்டியைக் கண்டாலும் கை தானாகப் போய் மூடிவிடும். ஒரு கல்யாண மண்டப வாசலில் நாற்பது வண்டிகளை மூடியிருக்கிறேன்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது மாமா ஒரு விமானம் செய்தார். பழைய பைக் எஞ்சின், அலுமினியக் குழாய், தார்ப்பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இறக்கை நீளத்துக்கு நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதைப் பெருமையாக வீட்டுக்குப் போனில் சொல்லித் தொலைத்தேன். எங்கள் பரம்பரையில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். முந்திரி உடைக்கும் அப்பா, "எம்புள்ள ஏரோப்ளேன் உடறான்" என்று அண்ணாகிராமம் முழுக்கச் சொல்லிவிட்டு, பறக்கும் நாளில் தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் இன்னும் திறக்காத புறவழிச்சாலைதான் ஓடுபாதை. மாமா பலாப்பழத்தைத் தூக்கிப் பார்த்து, "கரெக்ட் வெயிட்டு" என்று பின் நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டினார். முதல் பயணி.

எஞ்சின் உறுமியது. அந்தக் காற்றில் மாமியின் கற்பூரம் அணைந்துகொண்டே இருந்தது. "அத ஆஃப் பண்ணுங்க! சாமி கும்புட வேணாமா?" மாமா எஞ்சினை அணைத்தார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, மூன்று சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் ஒரு கையால்தான் கும்பிட்டேன். இன்னொரு கை எங்கே போனது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

மாமா ஏறி உட்கார்ந்து எஞ்சினை மறுபடி கிளப்பினார். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு விமானம் ஓடியது, எழும்பியது, பனைமர உயரத்துக்குப் போனது. மாமி அழுதார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலடித்தார். அப்போது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"ஏன்டா, மேல போனதும் ஆஃப் பண்ணிடுவாங்களா?" என்றார் அப்பா. "பெட்ரோல் மிச்சம் புடிக்கிறாரா?"

எனக்கு என் கை நினைவுக்கு வந்தது. டேப்பை மூடிவிட்டிருந்தேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் மாமாவைப் பனைமரம் வரை கொண்டுபோய் விட்டிருந்தது.

சத்தம் நின்றுவிட்டதால் மேலே மாமா பேசுவது தெளிவாகக் கேட்டது. "நிக்காத! ஏய், நிக்காதங்கறேன்!" நேர் கீழே வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. "யோவ், அந்தாண்ட போய் எறங்கு! நட்ட வயலுய்யா இது!" என்று பெண்கள் நாற்றுக்கட்டை ஆட்டி விரட்டினார்கள். "போவ முடிஞ்சா போவ மாட்டனாம்மா?" என்று பதில் சொல்லிக்கொண்டே மாமா சேற்றில் இறங்கி, வழுக்கி, வரப்பில் முட்டி நின்றார். பலாப்பழம் மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு இன்னும் பத்தடி தனியாகப் பறந்தது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் நான். கண் இரண்டைத் தவிர மாமா முழுக்கச் சேறு. அவர் விரல் டேப்பைத் தடவியது. டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாமா, நான்தான்..."

"வாய மூட்றா மாப்ள."

வரப்பில் அப்பா விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தார். மாமா சத்தமில்லாமல் டேப்பைத் திறந்துவிட்டார்.

"என்னாச்சு மெக்கானிக்கு?" என்றார் அப்பா. "பையன் கணக்குல எதுனா தப்பா?"

மாமா வாயிலிருந்த சேற்றைத் துப்பினார். "கணக்கு கரெக்ட்டுங்க. அதான் மேல போச்சு. எஞ்சின் நின்னுபோச்சு. என் வேல சரியில்ல. என் தப்புதான்."

அதற்குள் நடவுப் பெண்கள் பயணியைப் பிளந்து சுளை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்றிலிருந்து டீக்கடையில் அவர் பெயர் 'நின்னுடுச்சு மாமா'. "ஏன் மாமா, ஆகாசத்துல நின்னா எப்படித் தள்றது?" என்று கேட்பார்கள். டீயை ஊதி ஊதிக் குடிப்பார். ஊரில் அப்பா இன்னும், "எம்புள்ள கணக்கு கரெக்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது எனக்குக் கடலூரில் வேலை. சனிக்கிழமை தோறும் பட்டறைக்குப் போவேன். என் பழைய வண்டியை நிறுத்தி, டேப்பை மூடிவிட்டு, அந்த டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவேன்: "நிக்காது மாமா!"