மூக்குப்போன குடை

நாஞ்சில் நாட்டில் சர்க்கார் நிலத்தை ஒரு சாண்கூட எவனும் விழுங்க முடியாதபடி முப்பது வருஷம் காத்து நின்றது ஒரு குடை. அதைப் பிடித்திருந்தவர் சர்க்கார் வக்கீல். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. 'குடை வக்கீல்' என்றால் நாகர்கோவில் கோர்ட்டு வாசலில் கட்டிப்போட்ட வண்டிமாடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

நான் அவருக்குக் குமாஸ்தா. எங்கள் வீட்டில் கைநாட்டைத் தாண்டிய முதல் ஆள் என்பதால், அவர் தும்மினாலும் எழுதிக்கொள்வேன். சர்வே சங்கிலியை அவர் நம்பமாட்டார்.

"சங்கிலி பிடிக்கவன் கைக்கூலி வாங்குவாம்லே. கொட வாங்காது."

குடையின் நீளம் அச்சாக இரண்டு முழம். புறம்போக்கு வழக்கென்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைப் புரட்டிப் புரட்டிப் போட்டு அவரே அளப்பார். மழையில் மட்டும் விரிக்கமாட்டார். ஒருநாள் கோட்டாற்றில் கொட்டுகிற மழை. குடையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக வந்தார்.

"ஸார், விரிக்கப்பிடாதா?"

"கம்பு நனஞ்சா அளவு மாறும் மக்கா. நான் நனஞ்சா தடுமந்தானே?"

பூதப்பாண்டியில் செல்லம்மை என்று ஒருத்தி. புருஷன் இல்லை. ஆப்பம் சுட்டு விற்று இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். கால்வாய்க் கரையை ஒட்டிய அவள் மனை பத்திரப்படி அறுபது முழ நீளம். அதாவது முப்பது குடை. வக்கீல் அளந்தபோது முப்பத்தொன்று வந்தது. மிஞ்சிய ஒரு குடை சர்க்காருடையது. அதில்தான் அவளுடைய அடுக்களை நின்றது. இடிக்க வேண்டும் என்று வழக்கு. முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவன் நான்.

அவளுக்கு வக்கீல் இல்லை. ஏதாவது சொல்ல உண்டா என்று ஜட்ஜி கேட்டார். அவள் மேஜைமேல் கிடந்த குடையையே பார்த்தாள்.

"ஏமானே, இந்தக் கொடைக்க மூக்கு எங்க?"

கோர்ட்டே எட்டிப் பார்த்தது. நுனியிலிருந்த பித்தளைப் பூணைக் காணோம்.

வக்கீல் எழுந்தார். "அளந்த ஆள்தான் இதற்குச் சாட்சி" என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். உடனே இறங்கி மேஜைக்கு ஓடினார்.

"ஓய் சாட்சி! கொடைக்க நீளம் எம்புடு?"

மறுபடி கூண்டு. "ரெண்டு முழம்."

மேஜை. "சத்தியம் பண்ணிட்டு நிக்கீரு, ஓர்மை வச்சுச் சொல்லும்!"

கூண்டு. குரல் இறங்கிவிட்டது. "போன மாசம் சேத்துல ஊணி நடந்தேன். மூக்கு போயிருக்கும். ரெண்டு விரக்கடை கொறவு."

மேஜை. "பாக்காமலா அளந்தீரு? கண்ணு எங்க வச்சிருந்தீரு?"

"சாட்சியை மிரட்டாதீர்கள்" என்றார் ஜட்ஜி.

கணக்கை என்னைப் போடச் சொன்னார்கள். முழத்துக்கு இருபத்துநாலு விரக்கடை என்று வைத்துப் போட்டேன். குறைந்த குடையால் முப்பத்தொன்று என்றால் அறுபது முழம்கூடத் தேறவில்லை. வழக்கு தள்ளுபடி. அடுக்களை தப்பியது.

திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் கோபம் ஆறவில்லை. "அந்தச் சாட்சி இருக்காம்லா, அவன வச்சுக்கிட்டு ஒரு கேசும் ஜெயிக்க முடியாதுலே!"

அடுத்து வந்த வழக்குகளிலெல்லாம் முதலில் குடையை அளந்துவிட்டுத்தான் நிலத்தை அளந்தார். பூண் போடவே இல்லை. போன வருஷம் காலமானார். குடை என்னிடம் வந்தது.

நேற்று நல்ல மழை. வழியில் குடை ரிப்பேர்க்காரர், "மூக்கு வச்சுத் தரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.