ஈ ரைட்டரும் விஷம் தின்னும் மண்ணும்

ஈயைக் கண்டால் உலகமே விரட்டும். விருந்தாளி வந்த மாதிரி முகம் மலர்ந்த ஒரே மனிதர் எங்கள் ஈ ரைட்டர்தான்.

எழுபதுகளின் கடைசி. சேலத்து மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் சின்ன கிளார்க். அவர் ஆள் பேர் பதியும் ரைட்டர். விடிந்தால் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, உங்க ஊட்டுல ஈ இருக்குதுங்களா?" என்பார். எந்தப் பெண் சும்மா விடுவாள்? "எங்க ஊடு என்ன குப்பமேடா?" என்று விளக்குமாறோடு வருவாள். "கோவிச்சுக்காதீங்க, நாலே நாலு போதுமுங்க" என்று பாட்டிலை நீட்டுவார்.

விஷயம் இதுதான். காப்பித் தண்டைத் துளைக்கும் புழுவுக்குப் பூசும் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடர், மருந்து ஷெட்டில் வருஷக்கணக்காகச் சிந்தி மண்ணில் ஊறிக் கிடந்தது. அதற்குக் கீழேதான் லைன்காரர்கள் குடிக்கும் ஊற்று. தண்ணீரில் மருந்து வாடை வந்ததும் ரைட்டர் முள்ளை வெட்டிப் போட்டு ஊற்றை அடைத்துவிட்டார். பெண்கள் மேடேறிக் குடம் சுமந்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவரைத்தான் திட்டினார்கள்.

ஷெட்டின் பின்மூலையில் மட்டும் புல் முளைத்து எறும்பு ஊர்ந்தது. அந்த மண்ணில் விஷத்தைத் தின்று பழகிய நுண்ணுயிர்கள் இருக்கும் என்று சேலத்துக் காலேஜ் வாத்தியார் ஒருவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பித்துப் பிடித்தது. ஷெட்டு மண்ணை வெட்டிக் குழியில் கொட்டி, மூலை மண்ணையும் சாணிக் கரைசலையும் கலந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன்களுக்கு அவர் வைத்த பெயர் 'ஆளுங்க'. "இன்னிக்கு நொம்பக் குளிருங்க, ஆளுங்க மெதுவாத்தான் வேல செய்வாங்க" என்பார்.

குழி மண்ணைப் பாட்டிலில் போட்டு ஈயை விடுவார். செத்தால் விஷம் போகவில்லை என்று அர்த்தம். மூன்றாம் வருஷம் ஒரு ஈ பொழுது சாயும்வரை பறந்தது. அதற்குப் போய் அழுதார் மனுஷன்! "மழைக்கு முன்னால ஊத்துத்தண்ணி மோந்துக்கலாமுங்க" என்று லைன் முழுக்க வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரம் பார்த்து முதலாளி வந்தார். முதலாளி வந்தால் நாறுகிற இடத்திலெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவது எஸ்டேட் வழக்கம். அது என் பொறுப்பு. குழி நாறியது. ரைட்டருக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதே என்று, மகா புத்திசாலி நான், ஒரு மூட்டையையே கொட்டிக் கிளறினேன். பின்மூலையையும் விடவில்லை. கிருமியைக் கொல்லும் பவுடர் அவருடைய ஆட்களையா விட்டுவைக்கும்?

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். விட்ட ஈயெல்லாம் விட்ட இடத்திலேயே செத்தது. நான் செய்ததைச் சொன்னேன். குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஆளுங்க போயிட்டாங்க சாமி" என்றார்.

மழை வந்தது. ஊற்று திறக்கவில்லை. பெண்கள் குடத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். "கெடுத்தது யாருங்க? பேரச் சொல்லுங்க!"

நான் பக்கத்திலேயே நின்றேன்.

"யாருமில்லீங்க. நாந்தான் அவசரப்பட்டு வாக்குக் குடுத்துட்டேன்."

வாங்கினார் பாருங்கள் வசவு! பைத்தியம், தண்டம், இவன் கையால் மண்ணும் உருப்படாது. தலைகுனிந்து நின்றார். நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். கோழை, வேறென்ன?

கூட்டம் கலைந்ததும் என் பக்கம் திரும்பி, "மொகம் ஏனுங்க சாமி வாடிக்கெடக்குது? சாப்டீங்களா?" என்றார்.