நான் உடைத்த ஒரே எலும்பு

வாழ்க்கையில் நான் ஒரே ஓர் எலும்பைத்தான் உடைத்திருக்கிறேன். அது என்னுடையது இல்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் எனக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்ததில், வயிறு எனக்கு முன்னால் அறைக்குள் நுழையத் தொடங்கியபோது, தமிழர்களின் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் ரஃபீக் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். ஐம்பத்தாறு வயதிலும் என்னைவிட வேகமாக மிதிப்பார். (அவர் மிதிக்காமல் உருண்டாலும் என்னைவிட வேகம்தான்.)

அந்த ஜனவரி சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போதே மனைவி தடுத்தாள்.

"ஏங்க, வானம் கறுத்துக் கெடக்கு. இன்னிக்கு வேண்டாமே."

"இது ஷார்ஜா. ரெண்டு தூறல் போட்டுட்டு மழை லீவ்ல போயிரும்."

அவள் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள். ஊருக்கு வெளியே, பாலைவனத்துச் சைக்கிள் பாதையில் எட்டுப் பேர் கூடினோம். நல்ல நல்ல உடுப்புகளுக்கு நடுவே நான் மட்டும் மாநகராட்சிச் சொத்து மாதிரி நின்றேன்.

குழுவின் கேப்டன் ஸ்டீபன் எனக்காக விதியை இன்னொரு முறை சொன்னார். "ஒட்டி ஒட்டிப் போவோம். பிரேக் பிடிக்கணும்னா மொதல்ல சத்தம் குடுக்கணும். அப்புறந்தான் பிரேக். கேட்டுச்சா?"

"தம்பி புதுசு. நான் பின்னால இருந்து பாத்துக்கிடுறேன்" என்றார் காக்கா.

நாலு கிலோமீட்டர் போனதும் மழை பிடித்தது. அது தூறல் இல்லை. எதிர்க்காற்று ஊசி ஊசியாக முகத்தில் இறைத்தது. குளிரில் விரல்கள் மரத்தன. இருட்டவும் தொடங்கியது. திரும்பிவிடலாம் என்று சொல்ல எனக்கு ஆசை. மானம் விடவில்லை. முன்னால் போனவரின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்து மிதித்தேன். பள்ளமான ஓர் இடத்தில் அந்த விளக்கு சட்டென்று விலகியது. எதிரே பாதை முழுக்கத் தண்ணீர்.

சத்தமும் கொடுத்தேன், பிரேக்கும் பிடித்தேன். வரிசைதான் மாறிவிட்டது.

பின்னாலிருந்து காக்காவின் சக்கரம் என் சக்கரத்தில் மோதியது. அவர் என்னைத் தாண்டிப் பறந்து தோள் தரையில் பட விழுந்தார். காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம், மழையையும் மீறிக் கேட்டது. நான் சேற்று மணலில் மெத்தென்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். குப்பைப் பையைக் கழற்றி அவர் மேல் போர்த்தினேன். பல் கிட்டிக்க நடுங்கினார். "காக்கா, மன்னிச்சிருங்க" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

"தம்பி," என்றார் ஒரு கட்டத்தில், "பன்னெண்டு நாள்ல மவளுக்கு நிக்காஹ்."

குப்பைப் பையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். உள்ளே கொண்டுபோகும் முன் காக்கா போனை என் கையில் திணித்தார்.

"ஊட்டுல சைக்கிள் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. கூப்பிட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

ஐந்தே நிமிடத்தில் மணி அடித்தது. அது வீடியோ அழைப்பு என்பதைக் கவனிக்காமல் எடுத்தேன். திரையில், காயல்பட்டினத்து வீட்டிலிருந்து அவர் மனைவி; அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். பக்கத்தில் கையில் மருதாணிக் கூம்போடு கல்யாணப் பெண்.

"பயப்படாதீங்க லாத்தா, ஒண்ணுமில்ல. காக்கா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. நான் கூடத்தான் இருந்தேன்."

லாத்தா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"பாத்ரூம்ல எதுக்கு தம்பி ஹெல்மெட்டு?"

அப்போதுதான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். வார்கூட அவிழ்க்கவில்லை. கன்னத்தில் சேறு வேறு. கல்யாணப் பெண் ஒரு கணம் சிரித்துவிட்டாள்; அடுத்த கணம் "வாப்பா எங்க?" என்று அழத் தொடங்கினாள். உண்மையை முழுதாகச் சொன்னேன். நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன்.

காக்கா கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் பறந்தார். நிக்காஹில் மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க அவரால் கையைத் தூக்க முடியாததால், மாப்பிள்ளையே குனிந்து வந்து பிடித்துக்கொண்டார். நான் அதை ஷார்ஜாவில் ஒரு சின்னத் திரையில் பார்த்தேன்.

அதன்பின் காக்கா வீட்டில் யார் குளிக்கப் போனாலும், "ஹெல்மெட் எடுத்துக்கிட்டியா?" என்று யாராவது கேட்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் அவர் மகளும் மருமகனும் ஷார்ஜாவுக்கு விசிட்டில் வந்தபோது, காக்காவின் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கை கழுவ எழுந்தேன். "மாமா, வெறுந்தலையோட போறீங்களே!" என்றாள் மகள். வீடே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது காக்காதான். சிரித்து ஓய்ந்ததும், மேல் அலமாரியில் இருந்த தட்டுகளுக்குக் கையைப் பாதி உயர்த்திவிட்டு, எடுத்துத் தரச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.